குலுங்குச்சா?

ஒரே கேள்வியை ஆயுள் முழுக்கக் கேட்டு ஒரு ஊரையே கொன்றெடுத்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். "குலுங்குச்சா?" அவ்வளவுதான் கேள்வி. சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. எங்கள் கம்பத்தில் அவர் குலுங்குச்சா அண்ணே.

கம்பம், அதாவது கிராமம், என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எழுபதுகளில் ஈப்போவுக்கு வெளியே எங்கள் கித்தாத் தோட்டத்தை, ரப்பர் மரங்களோடு, துண்டு போட்டு விற்றார்கள். லயத்து வீடுகளை விட்டுத் துரத்தப்பட்ட நாங்கள் அதன் ஓரத்திலேயே பலகை வீடு கட்டிக்கொண்டோம். தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி வந்தது, தார்தான் வரவில்லை. இரண்டு மைல் செம்மண் சடக்கு, முழுக்கப் பள்ளம். டாக்சிக்காரன் முனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவான். உள்ளே வரும் ஒரே வண்டி அண்ணனின் பழைய பச்சை பிக்கப். காலையில் பசாருக்குக் காய்கறி ஏற்றுவார், மற்ற நேரம் எங்களை. இறங்கும்போது கேட்பார்.

"குலுங்குச்சா?"

"இல்லண்ணே."

"பொய் சொல்லாத லா!"

நம்பவே மாட்டார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மாமரத்தடியில் ஜாக்கி சத்தம். சக்கரத்தைக் கழற்றி, துருப்பிடித்த நட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றித் தட்டி, குலுக்கலைத் தாங்க வேண்டிய, எண்ணெய் கசியும் அப்சோபரை உருவி எறிவார். புதியதை நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு தடவை அழுத்தி இழுத்துவிட்டு மாட்டுவார். பட்டறைப் பக்கம் போகமாட்டார், அங்குள்ள மெக்கானிக் போமேன்மீது நம்பிக்கையில்லை. "அங்க போமேன் கையில குடுத்தா, ஒரு பக்கம் மாத்திட்டு ரெண்டு பக்கமும் மாத்தியாச்சும்பான் லா."

அதற்குப் பிறகு சோதனை. என் ஞாயிற்றுக்கிழமைகள் நாசமானது இதில்தான். அப்போது நான் நூறு கிலோ.

"மச்சான், ஏறிக் குதி."

"பசியாறிட்டு வாரேண்ணே."

"பசியாறிட்டுத்தான வந்திருக்க, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. குதி!"

பிக்கப்பின் பின்பக்கம் ஏறிக் குதிக்க வேண்டும். வண்டி ஒருமுறை எழும்பி நின்றுவிட்டால் தப்பித்தேன். இரண்டாம் முறை ஆடினால் எல்லாவற்றையும் மறுபடி கழற்றுவார். கம்பமே வேலியோரம் நின்று வேடிக்கை பார்க்கும். அதில் தேறினால் தவ்ஃபூஃபா. தொட்டாலே உடைகிற அந்தச் சோயாக் களியைச் சீனக் கிழவரிடம் ஒரு பேசின் நிறைய வாங்கி, பின்னால் வைத்துச் சடக்கில் ஓட்டுவார். ஓரத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

ஒருமுறை சுடுகாட்டுக்குப் பெட்டி ஏற்றிப் போனார். இறக்கியதும் புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய், "அக்கா, குலுங்குச்சா?" என்றாரே பார்க்கலாம்! அவள் அழுகையை நிறுத்திவிட்டு முறைத்தாள். சரியான பைத்தியம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அதை டீக்கடையில் நடித்துக்காட்டிக் கைதட்டு வாங்கியவனும் நான்தான். என் வாயில் கொள்ளியை வைக்க.

என் மனைவி செல்விக்கு இரண்டு முறை கலைந்து, மூன்றாவதுதான் நின்றது. "குலுங்கவே கூடாது" என்றார் டாக்டர். செம்மண் சடக்கில் குடியிருப்பவனிடம் சொல்கிற பேச்சா இது? எட்டாம் மாதம், ஒரு மத்தியானம், வலி கண்டுவிட்டது. அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். செல்வியை முன்னால் உட்கார வைத்து, பக்கத்தில் நானும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பள்ளம் தாண்டியதும் கேட்டார்.

"தங்கச்சி, குலுங்குதா?"

"இல்லண்ணே, நீங்க போங்க" என்று நான் முந்திக்கொண்டேன்.

"குலுங்குதுண்ணே" என்றாள் செல்வி. "உயிரே போவுது."

வண்டியை நிறுத்திவிட்டார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"மச்சான், பின்னால போய்ப் படு. பாரம் இருந்தாத்தான் எகிறாது. படு லா, குதிச்சிடாத!"

உருளைக்கிழங்கு மூட்டைகளோடு மூட்டையாகக் கிடந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் கேட்டார். அவள் உள்ளதைச் சொன்னாள். அதற்குத் தகுந்தாற்போல் ஓட்டினார்.

செல்வியைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோன பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாவில், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். முன்பு வேறொரு தோட்டத்தில் கித்தா ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவராம். அப்சோபர் போய்விட்டது, மாற்றித் தாருங்கள் என்று ஆபீசில் பலமுறை கேட்டாராம். "கித்தாவுக்கு எதுக்குய்யா அப்சோபர்? அதுக்கு வலிக்குமா?" என்று கணக்கெழுதும் கிராணி சிரித்திருக்கிறான். பிள்ளைவலி கண்ட மனைவியை அந்த லாரியில்தான் ஏற்றிப் போனாராம்.

"வழியெல்லாம் கேட்டேன் மச்சான், குலுங்குதா குலுங்குதான்னு. நான் கலங்கிருவேன்னு இல்லங்க, இல்லங்கன்னே சொன்னா. நானும் நம்பி வெரட்டுனேன். போய்ச் சேந்தப்ப ரெண்டு உசுரும் இல்ல."

பாவிகள். துரையின் காருக்கு மட்டும் வருஷா வருஷம் எல்லாம் புதிதாக மாற்றினார்களாம். அவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? ஆபீசில் கிராணி சிரித்தான், டீக்கடையில் நான் சிரித்தேன்.

பெண் குழந்தை. கையளவுதான் இருந்தாள். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, ஒரு சனிக்கிழமை அதே பிக்கப்பில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இறங்கியதும் அண்ணன் துணியை விலக்கிக் குனிந்தார்.

"குலுங்குச்சாம்மா?"

அவள் கம்பமே கேட்கிறமாதிரி வீறிட்டாள்.

"பாத்தியா, உண்மையச் சொல்லுது!" என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக ஜாக்கியைத் தேடிப் போனார்.

மறுநாள் காலையில் மாமரத்தடியில் தட்டும் சத்தம் கேட்டது. கூப்பிடுவதற்கு முன்பே போய் வண்டியில் ஏறினேன். அவர் போதும் என்று சொல்லும்வரை குதித்தேன்.