படுத்து வேலை பார்த்த சாக்பீஸ்

நாமக்கல் வட்டாரத்தில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை அத்தனையிலும் சேர்த்து, சம்பளம் வாங்கிக்கொண்டு பட்டப்பகலில் படுத்துக் கிடந்த ஒரே தொழிலாளி சாக்பீஸ்தான். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்திருக்கும். காதில் எப்போதும் ஒரு சாக்பீஸ் செருகியிருப்பார் என்பதால் முதலாளி முதல் டீ கொண்டுவருபவர் வரை எல்லோருக்கும் அவர் சாக்பீஸ்.

என்னைவிட இரண்டு வயது சின்னவர். கேபினுக்குள் டிரைவர் படுக்கும் பெர்த், சோற்றுப் போசி வைக்கும் தட்டு, சாமி படத்துக்கு மாடம் எல்லாம் அவர் கைவேலை. நான் அந்தப் பட்டறைக்குப் புதிதாக வந்த சூப்பர்வைசர். அதற்கு முன்னால் அஸ்தம்பட்டியில் ஏசி அறையில் ஃபைல் தள்ளிக்கொண்டிருந்த எனக்கு லாரியில் தெரிந்ததெல்லாம் ஹாரன் மட்டும். அதை ஈடுகட்ட, தினமும் பஸ்ஸில் வரும்போது தலைமைப் பண்பு பற்றி செல்போனில் வீடியோ பார்ப்பேன்.

சேர்ந்த முதல் வாரமே, "முன்னால் நிற்பவனே தலைவன்" என்று நல்ல பிளைவுட்டில் எழுதி வாங்கிப் பட்டறைச் சுவரில் மாட்டினேன். யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மூன்றாம் வாரம் பலகையையே காணோம். விசாரித்தால் சாக்பீஸ் ஒளிவுமறைவே இல்லாமல் ஒப்புக்கொண்டார்.

"நல்ல பிளைவுட்டுங்க. சும்மா செவுத்துல தொங்கிட்டிருந்துச்சு. ரெண்டா அறுத்து அந்தக் கடைசி வண்டிக்குத் தட்டு அடிச்சுட்டனுங்க."

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அவருடைய அளவெடுப்பு. மற்ற பட்டறைகளில் பெர்த் என்றால் ஆறடி, அதோடு சரி. இவர் அந்த வண்டியை ஓட்டப்போகும் டிரைவரையே வரச்சொல்லி, சிமெண்ட் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, சுற்றிலும் சாக்பீஸால் கோடு போடுவார். பிறகு ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி இன்னொரு கோடு. பெர்த் அடித்து முடித்ததும் தானே ஏறிப் படுத்து அரை மணி நேரம் பார்ப்பார். கண் மூடியிருக்கும். கேட்டால், வேலைதானுங்க என்பார்.

ஒரு நாள் சங்ககிரியிலிருந்து ஒரு பெரிய கஸ்டமர் மனைவியோடு வந்திறங்கினார். எட்டு வண்டிக்கு ஆர்டர் கொடுத்தவர். வாசலிலேயே ஓர் ஆள் விழுந்து கிடந்த மாதிரி கோடு. பக்கத்தில் யாரோ ரெட் ஆக்சைடு பெயிண்டை வேறு கொட்டி வைத்திருந்தார்கள். அந்தம்மா அப்படியே காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். போலீஸ் வந்துவிட்டுப் போயாச்சா என்று கஸ்டமர் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். கொலை எதுவும் நடக்கவில்லை என்று நம்பவைக்க மூன்று டீ ஆயிற்று.

அந்த எட்டு வண்டியில்தான் என் பிழைப்பே தொங்கிக்கொண்டிருந்தது. எட்டும் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தால், புதிதாகத் திறக்கப்போகும் இரண்டாவது பட்டறைக்கு நான்தான் மேனேஜர் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். எது தாமதமானாலும் முதலாளிக்கு போன் போட்டு "சாக்பீஸ் பண்ணின வேலைங்க" என்று போட்டுக் கொடுப்பது என் வழக்கம். அன்றைக்கு நான் கற்றிருந்த நிர்வாகம் அவ்வளவுதான்.

ஏழு வண்டி தயார். எட்டாவதும் தயார்தான், அதாவது சாக்பீஸ் அதன் பெர்த்தைப் பிரித்துப் போடும்வரை. அந்த வண்டிக்கு டிரைவர் கடைசி நேரத்தில் மாறிவிட்டாராம். புதிதாக வந்தவர் பனைமரம். ஆறடியில் அவருக்குக் கால் நீட்ட முடியாதாம். அந்த டிரைவரே, மடக்கிப் படுத்துக்கறேன், விடுங்க என்று கெஞ்சினார். நான் கத்தினேன். என் வாயிலிருந்து என்னென்ன வந்தது என்பதை இங்கே எழுத முடியாது.

சாக்பீஸ் கோபப்படவில்லை. பிரித்த ஆறடிப் பலகையைத் தற்காலிகமாகத் திரும்ப வைத்துவிட்டு, "நீங்களும் ஒசரந்தானுங்களே சார். ஒருக்கா படுத்துப் பாருங்க" என்றார். "மாசத்துல இருவது நாளு அந்தாளுக்கு இதுதானுங்க ஊடு."

அவரை மட்டம் தட்டுவதற்காகவே ஏறிப் படுத்தேன். முழங்காலை மடக்கினால்தான் உடம்பு உள்ளே அடங்கியது. ஐந்து நிமிஷத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்படிச் சுருண்டு கிடந்த ஆள் எழுந்து எத்தனை ஊர் தாண்ட வேண்டும் என்று நினைத்தேன். தலைக்கு மேலே தட்டின் அடிப்பக்கத்தில் என் பலகையின் பாதி தெரிந்தது. "முன்னால் நிற்ப" என்ற இடத்தில் அறுபட்டிருந்தது. வெட்கமாக இருந்தது.

அங்கே படுத்தபடியே முதலாளிக்கு போன் செய்தேன்.

"எட்டாவது வண்டி ஒரு நாள் தள்ளித்தான் வருமுங்க அண்ணா."

"யாரு சொன்னது? அந்தச் சாக்பீஸா?"

பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பழக்கமான பதில். கேபின் கதவோரம் சாக்பீஸ் நின்றுகொண்டிருந்தார்.

"இல்லீங்கண்ணா. நாந்தான் சொல்றேன்."

வண்டி பூஜை முடிந்த பிறகுதான் சங்ககிரி போய்ச் சேர்ந்தது. வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டாவது பட்டறை முதலாளியின் மச்சானுக்குப் போயிற்று. இரண்டு நாள் சாக்பீஸின் முகத்தில் விழிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் என் மேஜையில் உட்கார்ந்தேன். தினமும் டிராயரில் இடிக்கும் முழங்கால் இடிக்கவில்லை. குனிந்து பார்த்தால், நான்கு கால்களுக்கும் நான்கு விரற்கடை உயரத்தில் புதுக் கட்டை. அன்றைக்கு நான் பெர்த்தில் படுத்திருந்தபோதே என்னைச் சுற்றிக் கோடு போட்டு முழங்கால் அளவை எடுத்திருக்கிறார். போனில் இருந்ததில் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு பட்டறை ஆட்கள் ஒவ்வொருவராக ஏதாவது சொல்ல என் மேஜைக்கு வர ஆரம்பித்தார்கள். நான் வீடியோ பார்ப்பதை எப்போது விட்டேன் என்று நினைவில்லை.

இரண்டு வருஷத்தில் மச்சான் கோழிப்பண்ணை வைக்கப் போய்விட, இரண்டாவது பட்டறை என்னிடம் வந்தது. என்ன வேண்டுமோ கேள் என்றார் முதலாளி. இந்த மேஜையும் சாக்பீஸும் போதும் என்றேன். அந்தத் தலைவலி உனக்கெதுக்குய்யா என்றார். அவர் கேட்டது நியாயம்தான்.

இன்று காலையும் ஒரு வண்டி தாமதம். கஸ்டமர் வந்து உட்கார்ந்திருக்கிறார். கத்துவதற்கென்றே போய்க் கேபின் கதவைத் திறந்தேன். சாக்பீஸ் புது பெர்த்தில் படுத்திருந்தார். சோதனை எல்லாம் இல்லை, நிஜமாகவே குறட்டை. சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு, இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்று கஸ்டமரிடம் நானே போய்ச் சொன்னேன்.