முற்றத்தில் விழுந்த ஓட்டையும் அக்காவின் குளியலறையும்

பாவ்லா, மால்டா
ஜூலை 3

அன்பும் மரியாதையும் கலந்து ஜொர்ஜினா அக்காவுக்குத் தம்பி சல்வு எழுதுவது. முழங்கால் நீங்கலாக நானும் டொலோர்ஸும் இங்கே நலம். மெல்பேர்ன் குளிரில் நீயும் அத்தானும் நலமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம்.

நிற்க. திருவிழாவுக்கு நீ வருகிறாய் என்றதும் என் மனைவி சொன்ன முதல் வார்த்தை "குளியலறை". போன தடவை கதவு இறுகி, நீ ஒன்றரை மணி நேரம் உள்ளேயே ஜெபமாலை சொன்னதை அவள் மறக்கவில்லை. ஆகவே குழாய் வேலை செய்கிற நினுவை அழைத்து, பழையதையெல்லாம் பிடுங்கிப் போட்டு, புதுக் குழாய்க்கு முற்றத்தில் பள்ளம் தோண்டச் சொன்னேன். மூன்றாவது குத்தில் கடப்பாரை அவன் கையை விட்டுக் கீழே போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. கொஞ்சம் கழித்துத்தான் 'டங்' என்று கேட்டது.

மூன்று தெரு தள்ளி, உலகமே சீட்டு வாங்கி இறங்கிப் பார்க்கிற ஆதிகாலத்துப் பாதாளக் கல்லறை. அப்படிப்பட்ட ஊரில் ஓட்டை விழுந்தால் தொல்பொருள்காரர்கள் வந்து வேலையை நிறுத்திவிடுவார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா? நினு வெளுத்துவிட்டான்.

"சல்வு அண்ணே, நீங்களும் ஒண்ணும் பாக்கலை, நானும் பாக்கலை. ரெண்டு மூட்டை சிமெண்ட் போதும்."

"உன் கடப்பாரை?"

"போனா போவுது."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் தலையாட்டிவிட்டேன். சிமெண்ட் குழைக்கும்போது மொட்டைமாடியிலிருந்து குரல். பக்கத்து வீட்டு ஃபிலோமினா, கையில் ஈரத்துணியோடு.

"என்ன சல்வு, உன் வீட்லயும் பாதாளம் கெளம்பிடுச்சா?"

ஒன்பது வருஷமாக நம்மோடு பேசாதவள். அவள் புருஷன் திருவிழாவில் நம் பேண்டு சங்கத்தோடு மோதுகிற எதிர்ச் சங்கத்தில் டிரம்பெட் ஊதுகிறவன் அல்லவா? அவள் வாயைத் திறந்த பத்தாவது நிமிஷம் தெருவே வாசலில் நின்றது. மத்தியானம் தொல்பொருள்காரர்கள் டாக்டர் மரியெல்லா என்ற பெண்ணை அனுப்பினார்கள். டாக்டர் என்றதும் நான் முழங்காலைக் காட்டினேன். அவர் குப்புறப் படுத்து ஓட்டைக்குள் தலையை விட்டார். எழுந்ததும் முற்றத்தோடு சேர்த்துக் குளியலறைக்கும் யாரும் நுழையாதபடி நாடா கட்டினார்.

"எத்தனை நாளைக்கும்மா?"

"சொல்ல முடியாது ஐயா. அஞ்சாயிரம் வருஷத்துப் பழசா இருந்தா…"

"எங்க அவசரம் அவ்வளவு பழசு இல்லம்மா," என்றாள் டொலோர்ஸ்.

பதினாறு நாள், அக்கா! பதினாறு நாளும் ஃபிலோமினா வீட்டுக் கதவைத் தட்டினோம். உள்ளே விடுமுன் அவள் புருஷன் வாசிப்பைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒரு நாள் அவசரத்தில் நான் அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிட்டேன். அன்றிலிருந்து நான் உள்ளே இருக்கும் நேரம் பார்த்துக் கதவுக்கு வெளியே நின்று எனக்கென்றே வாசிக்கிறான். பெண்கள் இருவரும் சேர்ந்து முயல் குழம்பு வைக்கிற அளவுக்குப் போய்விட்டார்கள்.

நேற்று டாக்டர் கடப்பாரையோடு மேலே ஏறி வந்தார். வெறும் மழைநீர்த் தொட்டியாம், நூறு வருஷம்கூட இருக்காதாம். நாடாவை அவிழ்த்தாயிற்று. வியாழனுக்குள் உனக்கு ரோஜா நிற ஓடு பதித்த குளியலறை தயார். நிம்மதியாகப் புறப்படு. அத்தானுக்கு வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு டொலோர்ஸின் முத்தங்கள். மாதா உங்கள் விமானத்தைக் கையில் ஏந்திக் கொண்டுவந்து இறக்கட்டும்.

உன் அன்புத் தம்பி,
சல்வு

பி.கு.: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, குழாய்க்கு இன்னும் ஒரு முழம் வேண்டுமே என்று சுவரோரம் நானே தட்டினேன். ஒரு கல் உள்ளே விழுந்தது. டொலோர்ஸ் பூசைக்குப் போயிருந்தாள், மாடியிலும் யாருமில்லை, சிமெண்ட் மூட்டை பக்கத்திலேயே இருந்தது. டார்ச் அடித்துத் தலையை விட்டேன். அக்கா, உள்ளே கூரை முழுக்க, அந்தப் பாதாளக் கல்லறையில் இருப்பதுபோலவே, சிவப்புச் சாயத்தில் சுழி சுழியாக வட்டங்கள்! ஓரிடத்தில் சாயம் வழிந்திருக்கிறது. யாரோ விரலால் துடைத்துவிட்ட தடம் அப்படியே இருக்கிறது. எவ்வளவு நேரம் அங்கேயே கிடந்தேனோ தெரியாது. எழுந்து நானே டாக்டருக்குப் போன் செய்தேன். வந்து பார்த்து அழுதேவிட்டார். குளியலறை இனி இந்த ஆயுசில் இல்லை. நீ பயணத்தைத் தள்ளிப்போடாதே. டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்:

"மெல்பேர்ன்லேருந்து எங்க அக்கா வர்றா. அவ பாக்காம யாரும் இதை மூடக் கூடாது."

"அவங்களால குனிய முடியுமா, ஐயா?"

"காலை நான் பிடிச்சுக்கறேன்."