காத்தாயி விழுங்கியது எந்த மாத்திரை?

மழை விட்டு வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கிய ஒரு காட்டில், காத்தாயி என்ற காட்டெருமை தன் கன்றோடு மேய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று அதன் இடது கண்ணில் பூச்சி பறந்தது. பிறகு இடது கொம்புக்கு அடியில் யாரோ உளி வைத்து அடிப்பதுபோல் வலி. வலது பக்கம் ஒன்றுமே இல்லை. வெளிச்சம் பட்டாலே குமட்டியது. கன்று பாலுக்கு முட்டிய அதிர்வில் உயிரே போய் வந்தது.

"கொஞ்சம் பொறு கண்ணு" என்று அதை ஒதுக்கிவிட்டு, காத்தாயி தட்டுத்தடுமாறி கீரி டாக்டரிடம் போனது.

டாக்டரின் மேசையில் மூன்று டப்பாக்கள் இருந்தன. வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை, நீல மாத்திரை.

"ஏதாவது ஒண்ணு குடுங்க ஐயா. கன்னுக்குட்டி பசியோட நிக்குது."

"அதெப்படிம்மா? ரெண்டு மணி நேரத்துல வலி போகணும், மறுநாள் திரும்பக் கூடாது. மூணையும் ஒப்பிட்டுப் பாத்துட்டுத்தான் குடுப்பேன். வலி பத்துக்கு எவ்வளவு?"

"பதினாலுங்க."

"படிவத்துல பத்துக்கு மேல கட்டம் இல்லையே."

வரிசையில் நின்றவர்களுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"வெள்ளைதான் கேக்கும். என் மச்சினிக்கு உடனே விட்டுது" என்றது முள்ளம்பன்றி.

"எங்க விட்டுது? தூங்கிட்டா. எழுந்ததும் மறுபடி அதே வலி. மஞ்சள் போடச் சொல்லுங்க" என்றது மந்தி.

"நீலம்!" என்று அகவியது மயில்.

அந்தக் குரல் காத்தாயியின் இடது காதில் நுழைந்து, வெளியே வர வழி தெரியாமல் மண்டைக்குள் சுற்றியது. தாங்கமுடியாமல் அது கண்ணை இறுக மூடிக்கொண்டு மேசையில் முட்டியது. டப்பாக்கள் கொட்டின. நாக்குக்கு அகப்பட்ட ஒரே ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு மூங்கில் புதரின் இருட்டுக்குள் போய்ப் படுத்தது.

எழுந்தபோது வலி இல்லை. கன்று வயிறு முட்டக் குடித்தது. காத்தாயியும் ஆசை தீரப் புல் மேய்ந்தது.

மூச்சிரைக்க ஓடிவந்தது கீரி. "எந்த நிறம்மா?"

"கண்ணை மூடியிருந்தேனுங்களே."

"நாக்கை நீட்டு."

நீட்டியது. நாக்கு பச்சையாக இருந்தது.

காட்டு மருத்துவக் குழு மூன்று நாள் கூடிப் பேசியது. ஒற்றைத் தலைவலிக்குப் பச்சை மாத்திரையே மற்ற எல்லாவற்றையும்விடச் சிறந்தது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. மற்ற மூன்றும் திருப்பி அனுப்பப்பட்டன.

அடுத்த மாதம் காத்தாயிக்கு மறுபடி தலை வெடித்தது.

"பச்சை இன்னும் வரலைம்மா. அப்படி ஒண்ணு யாருமே தயாரிக்கலையாம்" என்றது கீரி.

"அந்த வெள்ளையையாவது திரும்ப வரவழைச்சுக் குடுங்க ஐயா!"

"நிரூபணம் இல்லாத மருந்தை எப்படிம்மா குடுக்கறது? பச்சைக்குச் சாட்சியே நீதானே!"

நீதி: உடம்பு குணமானால், டாக்டர் வருவதற்குள் நாக்கைக் கழுவிவிடுங்கள்.