டோக்கன் இல்லாமல் போன் கிடையாது

செல்போனை டோக்கன் அளவுக்கு வெறுத்த மனிதர் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் யாரும் கிடையாது. செல்போனை அவர் அளவுக்குப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டவரும் கிடையாது. இரண்டும் ஒரே ஆள்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் லைன் வீடுகளில் யாருக்கும் தெரியாது. டோக்கன் என்றால் தெரியும். எங்கள் லைனிலேயே குடியிருக்கிறார், தெருமுனைக் கம்பெனியில் கேட் செக்யூரிட்டி. வேலைக்குப் போகிறவர்கள் போனை அவரிடம் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். ஷிப்ட் முடிந்து டோக்கனைக் கொடுத்தால் போன் வரும். ஆபீஸ் ஆட்கள் மட்டும் போனை உள்ளே கொண்டு போகலாம். ஆனால் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது. அந்த ஸ்டிக்கர் லேசில் வராது. பிய்த்தால் தூள்தூளாகக் கிழியும், பிசின் அப்படியே நிற்கும். திருட்டுத்தனம் தெரிந்துவிடும். தொழிற்பேட்டையில் இது எல்லாருக்கும் பழகின சங்கதி.

மற்ற செக்யூரிட்டிகள் வீட்டுக்கு வந்தால் தொப்பியைக் கழற்றுவார்கள். இவர் கழற்றவில்லை.

ஒரு நாள் எங்கள் லைன் பையன் ஒருவன் போனைப் பார்த்துக்கொண்டே நடந்து எருமை மேல் மோதினான். எருமை ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை. மறுபடியும் மோதினான். டோக்கன் அதைப் பார்த்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையே மாம்பழப் பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து, ஆணியடித்து, புறாக்கூண்டு மாதிரி பொந்து பொந்தாக ஒரு பெட்டி செய்து தன் வீட்டு வாசல் சுவரில் மாட்டினார். முன்னால் கதவு. கதவுக்குப் பூட்டு. சோடா மூடிகளைத் தட்டையாக நசுக்கி, பெயிண்டில் நம்பர் எழுதினார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போனைக் கொடுத்து மூடியை வாங்கிக்கொள்ள வேண்டும்.

யார் கேட்டார்கள் என்று பக்கத்து வீட்டு ரத்னம்மா சண்டைக்குப் போனாள். அவள் வேப்பனப்பள்ளிப் பக்கம். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பாள்.

டோக்கன் அசையவில்லை. "ஏழைப் புள்ளைக்கு எதுக்குமா போனு? பணக்காரன் புள்ள கெட்டுப்போனா அவங்க அப்பன் வேற காலேஜில சேத்து உடுவான். நம்ம புள்ள கெட்டா நேரா லோடு ஏத்தத்தான் போவணும்" என்றார்.

ரத்னம்மா தெலுங்கில் ஆரம்பித்ததைத் தமிழில் முடிக்காமலேயே வீட்டுக்குள் போனாள். அது வரலாற்றில் அந்த ஒரு தடவைதான்.

நிஜத்தில் எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. எல்லாரும் ஷிப்டுக்குப் போகிறவர்கள். நான் பாக்கிங். பிள்ளைகளைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை. திட்டிக்கொண்டே போன்களைக் கொடுத்தோம்.

சிக்கல் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. டீச்சர்கள் பாடத்தையும் வீட்டுப்பாடத்தையும் போனில்தான் அனுப்புகிறார்கள். டோக்கன் யோசித்தார். பாடத்துக்கு அனுமதி, ஆனால் பெட்டி முன்னால் நின்று, சத்தமாக வைத்து, அவர் காதில் விழப் பார்க்க வேண்டும் என்றார். சாயங்காலமானால் பெட்டி முன்னால் பிள்ளைகள் வரிசையாக நிற்கும். ஒரு போனில் வகுத்தல், இன்னொன்றில் சோழர்கள், மூன்றாவதில் இலை தனக்கு எப்படிச் சோறு ஆக்கிக்கொள்கிறது என்கிற பாடம். டோக்கன் இலை பக்கம் போய் வாயைத் திறந்துகொண்டு நிற்பார். பிள்ளை அலுத்துப்போய் வீடியோவைத் தள்ளினால், "ஓட்டாத. முழுசா போடு" என்பார்.

அடுத்தது சோதனை. கேட்டில் செய்கிற மாதிரி பிள்ளைகளைக் கையை விரிக்கச் சொல்லித் தடவிப் பார்ப்பார். கை தானாகப் போய்விடும். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவரை லைன் வாசலில் நிறுத்தித் தடவிவிட்டார். அவர் இங்கே இதுதான் மரியாதை போல என்று நினைத்து, திரும்பி டோக்கனைத் தடவினார். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

ரத்னம்மா விடுகிறவளா? தன் பிள்ளைகளின் போனைக் களிச் சட்டிக்குள் வைத்து, மேலே களி உருண்டைகளை அடுக்கி, மூடியைப் போட்டு டோக்கனைத் தாண்டி எடுத்துக்கொண்டு போனாள். சரியாக அவர் எதிரில் வந்ததும் சட்டி நடுங்கியது. அப்புறம் பாட்டுப் பாடியது.

டோக்கன் மூடியைத் திறந்தார். களியை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, உங்கூட்டுக் களிக்கு யாரோ போன் பண்றாங்க. எடுத்துப் பேசச் சொல்லு."

போனைக் கழுவித் துடைத்து, பொந்தில் வைத்து, மூடியைக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் ஸ்டிக்கர் வந்தது. பிள்ளைகள் கண்டதைப் படம் எடுக்கிறார்கள் என்று எல்லாப் போனிலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று ஒட்டினார். எங்கள் வீட்டு டிவியையும் சுற்றிச் சுற்றி வந்தார். அதில் கேமரா இல்லை என்று தெரிந்ததும் முகம் வாடிவிட்டது.

இப்படி இருக்கும்போது என் மகள் மீனா ப்ளஸ் டூ முடித்தாள். கோயம்புத்தூரில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. வசதியில்லாத வீட்டுப் பெண்களைச் சேர்த்து கம்ப்யூட்டர் படிப்பு சொல்லித் தருகிறார்கள். தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவர்களே. போனில் முகம் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். பிடித்தால் எடுத்துக்கொள்வார்கள். கிடைக்காவிட்டால் மீனாவும் என் பக்கத்தில் வந்து பாக்கிங்கில் நிற்க வேண்டியதுதான். எங்கள் சூப்பர்வைசர் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார்.

கேள்வி கேட்கிற நாளில் நான் லீவு போட்டேன். காலையில் டோக்கன் மூடியை வாங்கிக்கொண்டு, எங்கள் வீட்டில் இருந்த அந்த ஒரே போனைக் கொடுத்தார். நல்லாப் பேசு என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனார். ஸ்டிக்கரை மறந்துவிட்டார். நாங்களும் மறந்துவிட்டோம். அது இருந்து இருந்து போனின் தோலாகவே ஆகிவிட்டிருந்தது.

கூப்பிட்டார்கள். ஓர் ஆண் குரல், வீடியோவை ஆன் பண்ணும்மா என்றது. ஆனில்தான் இருக்கிறது சார் என்றாள் மீனா. இருட்டாக இருக்கிறதே, கரண்ட் இல்லையா என்றார்.

அப்போதுதான் உறைத்தது. மீனா நகத்தால் சுரண்டினாள். ஸ்டிக்கர் தூள்தூளாக வந்தது. பிசின் நின்றது. இப்போது மார்கழிப் பனி மாதிரி தெரிகிறது என்றார். சரி, அடுத்த பெண்ணைக் கேட்கிறோம், அது முடிவதற்குள் சரி பண்ணு, இல்லாவிட்டால் அடுத்த வருஷம்தான் என்று வைத்துவிட்டார்.

வேறு போன் வாங்கலாம் என்றால் லைனில் இருந்த அத்தனை போனுக்கும் அதே கதி. பெரியவர்களின் போன்கள் அவரவர் கம்பெனி கேட்டில் தூங்கின. கேட்டுக்கு ஓடினோம். ரத்னம்மாவும் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு ஓடி வந்தாள்.

டோக்கன் போனை வாங்கிப் பார்த்தார். முகம் கறுத்தது.

"இத யாரு பிச்சது?"

"அண்ணா, புள்ளைக்கு நேரம் போவுது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். மீனாவைப் பார்த்தார். கேபினிலிருந்து பெயிண்ட் கரைக்கிற தின்னர் பாட்டிலை எடுத்து, துணியில் ஒரு சொட்டு விட்டு, குழந்தைக்கு மூக்கு துடைக்கிற மாதிரி அந்தக் கேமராவைத் துடைத்தார். ஊதினார். திரும்பத் துடைத்தார். கையிலேயே போன் அடித்தது.

வீட்டுக்குப் போக நேரம் இல்லை. மீனாவைக் கேபினுக்குள் தன் ஸ்டூலில் உட்கார வைத்தார். வெளியே ஜன்னலருகே நின்று போனை அவள் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். போனே நுழையக் கூடாத கேட்டில், அவர் கையில் போன். இன்னொரு கையை லாரிகளுக்கு முன்னால் நீட்டினார்.

முதல் லாரி கர்நாடகா வண்டி. டிரைவர் ஹாரன் அடித்தார்.

"சும்னிரப்பா. மகு பரீக்ஷெ பரீத்தா இதெ" என்று டோக்கன் கன்னடத்தில் அதட்டினார். குழந்தை பரீட்சை எழுதுகிறது, சும்மா இரு என்று அர்த்தம். டிரைவர் இன்ஜினை அணைத்தார். பின்னால் வந்தவரும் அணைத்தார். வரிசை தெருவைத் தாண்டியது. மேனேஜரின் கார் வந்து அதில் மாட்டிக்கொண்டது. மேனேஜர் இறங்கி வந்தார். அவர் பாக்கெட்டில் போன் அடித்தது. ரத்னம்மா டோக்கனைப் பார்த்தாள். டோக்கன் கண்ணால் காட்டினார். ரத்னம்மா கையை நீட்டினாள். மேனேஜர் போனை அணைத்து அவளிடம் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார்.

உள்ளே வேறு வம்பு. மீனா அடிக்கடி போனுக்கு மேலே டோக்கனின் முகத்தைப் பார்த்தாள். பின்னால் யாராவது சொல்லித் தருகிறார்களா, கேமராவைத் திருப்பிக் காட்டு என்று அந்தக் குரல் கேட்டது. 

மீனா பதில் சொல்வதற்குள் ஜன்னலிலிருந்து டோக்கன் சொன்னார். "பின் கேமராவுக்கு அனுமதி கெடையாதுங்க சார்."

 யாரும்மா அது என்றது அந்தக் குரல். மீனா எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி, சோடா மூடி, ஸ்டிக்கர், களி. அங்கே பலபேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஓர் அம்மா குரல், அப்படியென்றால் நீயே சொல், உங்கள் மாதிரி வீட்டுப் பிள்ளைகள் கையில் போன் கொடுக்கலாமா கூடாதா என்று கேட்டது.

டோக்கன் முழங்கையை ஜன்னல் கட்டையில் ஊன்றிக்கொண்டார். வெகுநேரமாகத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"குடுக்கணும் மேடம்" என்றாள் மீனா. "அப்பப்போ புடுங்கி வெக்கறதுக்கும் ஒரு ஆளு குடுக்கணும்."

அவரை நாங்கள் பார்க்க வேண்டும் என்றார் அந்த அம்மா. டோக்கன் போனைத் தன் பக்கம் திருப்பினார். விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தார். லாரிகளை நிறுத்தியிருந்த கையால் வைத்தார். கை இறங்கியதும் லாரிக்காரர்கள் வழி கிடைத்தது என்று அத்தனை பேரும் ஒன்றாகக் கிளப்பினார்கள். ஹாரனும் புகையும்தான். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் மேனேஜர் டோக்கனைக் கூப்பிட்டார். வேலை போய்விடும் என்று பயந்தோம். திரும்பி வந்தவர் வருத்தமாகத்தான் இருந்தார். மேனேஜர் போனை வாங்கினோமே, டோக்கன் கொடுக்கவில்லையே என்று வருத்தம்.

மீனாவுக்கு இடம் கிடைத்தது. அவளுக்கு செகண்ட் ஹேண்டில் வேறு ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டில் அவள் சோடா மூடியைத் திருப்பிக் கொடுத்தாள். போன் வெளியே போனால் டோக்கன் உள்ளே வர வேண்டும். அதுதான் சட்டம். அவர் வாங்கவில்லை.

"வெச்சிக்க" என்றார்.

அவள் பொந்து காலியாகத்தான் இருக்கிறது. ரத்னம்மா தன் தங்கை பிள்ளைக்குக் கேட்டாள். அதுக்கு ஆள் இருக்கிறது என்றுவிட்டார்.

பழைய போன் இப்போது என்னிடம் இருக்கிறது, அதில் ஸ்டிக்கர் கிடையாது. அவரே எடுத்துவிட்டார். மீனா வீடியோவில் கூப்பிட்டால், டோக்கன் தற்செயலாக வருகிற மாதிரி வருவார். நல்லா இருக்கிறாளா, சாப்பிட்டாளா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. டோக்கன் பத்திரமா இருக்குதான்னு கேளும்மா என்பார். அவள் சோடா மூடியைத் தூக்கிக் காட்டுவாள். அவர் குனிந்து நம்பரைச் சரிபார்ப்பார்.

ஒரு நம்பரைப் பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது.