பதினான்காம் தகடு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். அங்கும் எல்லோரும் நலம் என்று தங்கள் மகளே தொலைபேசியில் சொல்லிவிட்டதால், அதைத் தனியாக விசாரித்துத் தங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. "களிமண் பிசையறதுக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு? வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் கல்யாணத் தேதி பேசலாம்" என்று சொல்லியனுப்பியிருந்தீர்கள். நிரந்தரமாகிவிட்டது. விவரம் பின்வருமாறு.

நாங்கள் பிசைவதில்லை. உருகிய பிளாஸ்டிக்கில் நூற்றுக்கு ஐந்து பங்கு களிமண் சேர்க்கிறோம். மண் கண்ணுக்குத் தெரியாத ஏடுகளாகப் பிரிந்து பரவினால் பிளாஸ்டிக் உறுதியாகும். பிரியாவிட்டால் பிஸ்கட் மாதிரி உடையும். எந்தச் சூட்டில், எந்த வேகத்தில் கலந்தால் பிரியும் என்று கண்டுபிடிப்பதே என் உத்தியோகம். ஒவ்வொரு சோதனைக்கும் மண்ணை நிறுத்து, உறையில் போட்டு, எண் எழுதி, ஈரம் போக ஓவனில் வைப்பேன். ஆபரேட்டர் அண்ணன் எடுத்து மெஷினில் கொட்டுவார். வரும் கலவையைத் தகடாக்கி, அதே எண்ணிட்டு, சுத்தியலால் அடித்துப் பார்ப்போம். சூட்டைக் கூட்டினேன், கருகியது, குறைத்தேன், கட்டி கட்டியாக வந்தது, வேகத்தைக் கூட்டினேன், மெஷின் கதறியது, அதைவிடச் சத்தமாக அண்ணன், "சார், மண்ணுக்கே பிரிய மனசில்ல, நீங்க ஏன் நடுவுல பூந்து குடும்பத்தைக் கலைக்கிறீங்க?" என்றார், இப்படியே இருபத்தாறு தகடுகள் சுத்தியலின் முதல் அடிக்கே இரண்டாகப் போக, பதினான்காம் தகடு மட்டும் எத்தனை அடித்தாலும் அசையவில்லை, நம்பாத மேனேஜர் தானே சுத்தியலை வாங்கி ஓங்கித் தோளைச் சுளுக்கிக்கொண்டு, மிச்சமிருந்த கையால் என்னைத் தட்டிக்கொடுத்தார்.

"இன்னொரு தடவை செஞ்சு பாத்துடலாமா சார்?" என்றேன்.

"நல்லா வந்ததை எதுக்குய்யா கெடுக்கறே?"

நூற்றெண்பது டிகிரி, நிமிடத்துக்குத் தொண்ணூறு சுற்று என்று அறிக்கை போயிற்று. இன்று காலை நிரந்தர உத்தரவு வந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை, இந்தப் பிளாஸ்டிக்கை வாங்கப்போகும் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள்; அவர்கள் முன்னிலையில் நான் அதே தகட்டைச் செய்து காட்டவேண்டும், அவ்வளவுதான். கல்யாணத் தேதியைத் தாங்கள் நிதானமாக யோசித்துக் குறிக்கலாம். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
நிரந்தர ஊழியனும் தங்கள் வருங்கால மருமகனும்.

பின்குறிப்பு: இந்தக் கடித உறையை ஒட்டுவதற்குள் ஆபரேட்டர் அண்ணன் வந்தார். ஓவனைத் துடைக்கும்போது தட்டுக்குப் பின்னால் ஒரு மண் உறை கிடைத்ததாம். எண் பதினான்கு. பிரிக்கவே இல்லை. "அன்னிக்குக் கொட்ட மறந்துட்டேன் போல சார்" என்றார். ஆகவே, பிளாஸ்டிக்கில் களிமண்ணைக் கலக்க மிகச் சிறந்த முறை கலக்காமலிருப்பதே என்று நிரூபித்திருக்கிறேன். கல்யாணத்தை வியாழக்கிழமைக்குள் வைத்துக்கொள்ள முடியுமா?