கலங்கல் சாரின் கண்ணாடி

கோலார் தங்க வயலில் தங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் காலம் தள்ளிய ஒரே மனிதர் கலங்கல் சார்தான். எழுபதுகளின் தொடக்கத்தில், அங்கே ஊரிகம் பகுதியில் சுரங்கத் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் அவர் கெமிஸ்ட், நான் குமாஸ்தா. தெளிந்த தண்ணீர் வந்தால் அவர் முகம் வாடிவிடும். பெயர் அப்படித்தான் வந்தது. அவர் மனசெல்லாம் திரவப் படிகத்தில் இருந்தது. பெங்களூரில் ஆராய்ச்சி செய்யும் நண்பர் ஒருவர் அதைச் சின்னக் குப்பியில் கொடுத்திருந்தார்.

அது என்னவென்று கேட்டவன் தொலைந்தான். ஒருநாள் கேன்டீனில் எங்கள் நாலு பேரை எழுப்பி வரிசையாக நிறுத்தி, சட்டையை வெளியே எடுத்துவிடச் சொன்னார். நாங்கள்தான் மூலக்கூறுகளாம். உடம்பு விறைப்பான தண்டு, சட்டை நுனி தொளதொள வால். வால் இல்லாவிட்டால் கல்லாக உறைந்துவிடுமாம். வால் இருப்பதால்தான் வரிசையாகவும் நிற்கிறது, தண்ணீராகவும் ஓடுகிறது. "இப்ப கரண்ட் வுடறேன்" என்று எங்களைப் பிடித்து உலுக்கினார். கரண்ட் பட்டால் மூலக்கூறுகள் இப்படி முட்டிமோதித் திரவம் கலங்கிவிடுமாம். வரிசை கலைந்து ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டிருந்தபோது சூப்பிரண்டு உள்ளே வந்தார். நாலு பேருக்கும் மெமோ. கலங்கலுக்குக் கிடையாது. அவர் சட்டை ஒழுங்காக உள்ளே இருந்தது.

அவருடைய அப்பா, அவர் வாயில் நைனா, ஆயுசெல்லாம் சுரங்கத்தில் இறங்கியவர். பாறைத் தூசி நெஞ்சில் கட்டி, தொழிலாளர் குடியிருப்பின் லைன் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஒரு வார்த்தை பேசினால் அடுத்த வார்த்தைக்கு வெகுநேரம் இளைப்பாற வேண்டும். பார்க்கப் போன எங்களுக்குக் காபிக்கு முன்னால் வந்தது ஒரு கண்ணாடி. இரண்டு மெல்லிய துண்டுகள், நடுவில் ஒரு சொட்டுத் திரவம், கோத்து வைத்த டார்ச் செல்கள், நைனாவின் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு சுவிட்ச். அழுத்தினால் கண்ணாடி பாலாக வெளுக்கும், விட்டால் தெளியும். கிழவர் எங்களை மறந்துவிட்டு அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஹெட்கிளார்க் சும்மா இருக்காமல், வாயால் ஊதினால்கூடத்தான் கண்ணாடி மங்கும், இதற்கு இத்தனை செல்லா என்றார்.

கலங்கல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஊதறதுக்கு அவருக்கு இன்னா மூச்சு இருக்கு சார்?"

ஹெட்கிளார்க் தான் வாங்கிவந்த சாத்துக்குடியை உரிக்க ஆரம்பித்தார்.

மழைக்காலத்தில் ஈரம் உள்ளே புகுந்து அந்தச் சொட்டு கெட்டுப்போனது. நைனா அழுத்தினார், வெளுக்கவில்லை. "அவ்ளோதானா?" என்று மட்டும் கேட்டாராம். கலங்கல் லீவுகூடச் சொல்லாமல் பங்காருபேட்டை போய் பெங்களூருக்கு ரயிலேறிவிட்டார். மறுநாள் அவரைத் தேடிக்கொண்டு நான் வீட்டுக்குப் போனபோது, டாக்டர் வந்து பார்த்துவிட்டு மருந்து எதுவும் எழுதாமல் போயிருந்தார். நைனாவின் விலாவெலும்புகள் தனித்தனியாக ஏறி இறங்கின.

மத்தியானம் கலங்கல் புதுக் குப்பியோடு வந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார். உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துச் சொட்டு விட்டு மூடினார். கம்பியை நான் பிடித்துக்கொண்டேன். ஆனால் சுவிட்சை அழுத்த நைனாவின் விரலில் தெம்பில்லை. கலங்கல் அந்த விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தினார். கண்ணாடி வெளுத்தது.

"வுடாத" என்றார் நைனா.

கலங்கல் விடவில்லை. சாயங்காலம் நைனாவின் மூச்சு அடங்கியது. பெண்கள் அழத் தொடங்கினார்கள். ஆக வேண்டியதைப் பார்க்கலாம் என்று உறவுக்காரர்கள் எழுந்து வந்தார்கள். கலங்கல் சார் தானாக விரலை எடுக்கும்வரை, அவர்கள் யாரும் கிட்டே வராதபடி நான் குறுக்கே உட்கார்ந்திருந்தேன்.