பாய்ச்சல் இரண்டாம் பாகத்தில்

ஒரு காட்டில், ஆற்றுக்குத் தெற்கே, ஒரு கல்லூரி நடந்துவந்தது. அங்கே மந்தராசலம் என்ற ஆமை பேராசிரியராக இருந்தார். காலையில் முயல்களுக்கும் மான்களுக்கும் 'தப்பித்தல்' பாடம் எடுப்பார். ஆள் பற்றாக்குறை காரணமாக, மாலையில் 'வேட்டை' பாடமும் அவரேதான். வேட்டை படித்தது ஒரே ஒரு புலி. அதுவும் தொலைதூரக் கல்வியில். நேரில் வந்த அன்று, பயத்தில் தப்பித்தல் வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை.

மந்தராசலம் ஒரு பாடத்தை மூன்று மணி நேரம் நடத்துவார். முன்னுரை முடிவதற்குள் பாதி வகுப்பு குறட்டை விடும்.

கல்லூரி முதல்வர் நரி ஒருநாள் அவரைக் கூப்பிட்டது.

"சார், இனிமே எல்லாப் பாடமும் ரீல்ஸ்தான். முப்பதே வினாடி."

"முப்பது வினாடியில நான் தலையை வெளியே நீட்டவே முடியாதே!"

"நீட்டுற வரைக்கும் முதல் பாகம்னு போட்டுக்கலாம் சார்."

அப்படியே ஆயிற்று. தப்பித்தல் முதல் பாகத்தில் மந்தராசலம், "புலியைக் கண்டதும் நீங்கள் உடனே செய்ய வேண்டியது…" என்றார். நேரம் முடிந்துவிட்டது. வேட்டை முதல் பாகத்தில் பதுங்குவது வரை சொன்னார். இரண்டுக்கும் லைக்குகள் குவிந்தன.

செண்பகவல்லி என்ற முயல் தப்பித்தல் பாகத்தைப் பார்த்து ஒரு இதயம் போட்டுவிட்டு விரலால் தள்ளியது. அடுத்து ஒரு கீரி டான்ஸ் ஆடியது. அதை நாற்பது தடவை பார்த்தது.

மறுநாள் காலை தண்ணீர் குடிக்கப் போன செண்பகவல்லியின் எதிரே புலி நின்றது.

'புலியைக் கண்டதும் நீங்கள் உடனே செய்ய வேண்டியது…' என்று யோசித்தது முயல். அதற்குமேல் கீரிதான் நினைவுக்கு வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டது.

புலி பதுங்கியது. அருமையாகப் பதுங்கியது. பதுங்கியபடியே இருந்தது.

வெகுநேரம் கழித்து முயல் ஒரு கண்ணைத் திறந்தது. "என்னங்கண்ணே, ஆச்சா?"

"கொஞ்சம் இரும்மா," என்றது புலி சங்கடத்துடன். "பதுங்குற வரைக்கும்தான் பாத்தேன். அதுக்கப்புறம் ஒரு கீரி வந்து ஆடுச்சு…"

"இடுப்பை இப்படி வெட்டுமே, அதுவா?"

"அதேதான்!"

இருவரும் சிறிது நேரம் அந்தக் கீரியைப் பற்றிப் பேசினார்கள். பிறகு புலி, "இங்க சிக்னல் கிடைக்குமா? இரண்டாம் பாகம் பாக்கணும்," என்றது.

"அந்தப் பாறை உச்சியில ஏறுங்க, நல்லாக் கிடைக்கும்."

புலி ஏறியது. முயல் நடந்தே வீடு போய்ச் சேர்ந்தது.

செய்தி கேட்டு மந்தராசலம் கலங்கிப்போனார். "என் தப்புதான். பாடத்தைப் பாதியில விட்டுட்டேன். இன்னைக்கே ரெண்டு இரண்டாம் பாகத்தையும் எடுத்துடுறேன்!"

செண்பகவல்லி ஓடிவந்து அவர் ஓட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். தயவுசெஞ்சு எதையும் முழுசாச் சொல்லிக் குடுத்துடாதீங்க!"

அந்த ஆண்டு தப்பித்தலில் செண்பகவல்லி தங்கப் பதக்கம் வாங்கியது. வேட்டையில் முதல் வகுப்பில் தேறிய புலி, பசி மயக்கத்தில் வர முடியாததால், பட்டத்தைத் தபாலில் பெற்றுக்கொண்டது.

நீதி: அரைகுறையாகப் படித்தாலும் பிழைத்துக்கொள்ளலாம், நம்மைத் தின்ன வருபவரும் அதே கல்லூரியில் படித்திருந்தால் போதும்.